கார்த்தேஜுக்குப் போன பிள்ளை

நம் மறையுரை மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்பெற்று, அரிதாகவே முழுமையாகப் படிக்கப்பெறும் நூல்களுள் புனித அகுஸ்தினாரின் 'கொன்ஃபெஸ்ஸியோனெஸ்' முதன்மையானது எனலாம். 'அறிக்கைகள்' என்று இங்கு நாம் குறிப்பிடப்போகும் அந்நூலை அவர் 397-க்கும் 401-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், ஹிப்போ நகரின் ஆயராக இருந்தபோது எழுதினார். அகுஸ்தினார் சபையைச் சேர்ந்த பதினான்காம் லியோ 2025 மே 8-ஆம் நாள் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னர், அந்நூலின் பெயர் மீண்டும் பலருடைய நாவில் வழங்கக் கேட்கிறோம். எனவே, அதன் ஒரு பகுதியையேனும் நிதானமாகப் படித்துப் பார்க்க இது தகுந்த வேளை. நாம் இங்கு எடுத்துக்கொள்வது, படிப்புக்காக வீட்டை விட்டுப் போன ஓர் இளைஞனைப் பற்றிய பகுதி. பதின்மூன்று புத்தகங்கள் கொண்ட அந்நூலில் இரண்டாம் புத்தகமும் மூன்றாம் புத்தகமும் பெரும்பாலும் இதையே பேசுகின்றன.

மேடைகளில் நாம் கேட்டுப் பழகிய கதை எளிமையானது. பக்தியுள்ள தாயின் அரவணைப்பில் சிற்றூரில் வளர்ந்தான் ஒரு பிள்ளை. படிப்புக்கென்று மாநகரத்திற்குப் போனான். மாநகரம் அவனைக் கெடுத்தது. தாயின் கண்ணீர் அவனை மீட்டது. கல்லூரிகள் திறக்கும் பருவத்தில் இக்கதை தவறாமல் கோயிலில் சொல்லப்படுகிறது. பிள்ளையின் விடுதிக் கட்டணத்துக்காக நகையை அடகு வைத்துவிட்டு வந்து பெஞ்சில் அமர்ந்திருக்கும் தந்தை அதைக் கேட்கிறார். மறுநாள் பெட்டியுடன் பேருந்து ஏறவிருக்கும் மகளும் கேட்கிறாள். இக்கதையைக் கேட்ட அச்சத்தினாலேயே, நன்கு படிக்கும் மகளை வெளியூருக்கு அனுப்பத் தயங்கி நின்ற பெற்றோரை நாம் அறிவோம். ஆகவே, மூல நூல் உண்மையில் என்ன சொல்லுகிறது என்பது வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

முதலில் இடங்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அகுஸ்தினார் 354 நவம்பர் 13-ஆம் நாள் தகாஸ்தேயில் பிறந்தார். இன்று அது அல்ஜீரியா நாட்டில் சூக் அஹ்ராஸ் என்னும் ஊர். தந்தை பத்ரீசியுஸ் சிறிதளவு நிலம் உடையவர்; நகர மன்றத்தில் உறுப்பினர்; வசதி குறைந்தவர். சிறுவன் அடுத்திருந்த மதௌராவுக்கு அனுப்பப்பட்டு இலக்கணமும் இலக்கியமும் பயின்றான். வீட்டை விட்டு முதன்முதல் போனது அப்போதுதான். கார்த்தேஜுக்குப் போனது அதன் பிறகு. இடையில் பணம் போதாமையால், பதினாறாம் அகவையில் படிப்பு நின்று ஓராண்டு வீட்டில் சும்மா இருந்தான். கார்த்தேஜில் படிக்கவைக்கத் தந்தை பொருள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஓராண்டுதான் இரண்டாம் புத்தகம். புகழ்பெற்ற பேரிக்காய்த் திருட்டு அதில்தான் வருகிறது. பசியில்லை, பழமும் சுவையானதன்று. தோழர்களோடு சேர்ந்து இரவில் உலுக்கி எடுத்துப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். தீமையைத் தீமைக்காகவே செய்யும் மனத்தின் இருட்டை ஆயர் அகுஸ்தினார் துருவித் துருவி ஆராய்வது இந்த ஒரு செயலை வைத்துத்தான். கார்த்தேஜில் நடந்த எதற்கும் இவ்வளவு பக்கங்களை அவர் ஒதுக்கவில்லை. அந்த மரம் நின்றதோ சொந்த ஊரில், குடும்பத் தோட்டத்துக்கு அருகில்! மாநகரம் கெடுத்தது என்று முழங்குவோர் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பிள்ளை கெட்டுப்போகத் தொடங்கியது ஊரை விட்டுப் போனபோதன்று. போகமுடியாமல் வேலையின்றி வீட்டில் இருந்தபோது.

பெற்றோரைப் பற்றிய பகுதி இன்னும் கூர்மையானது. குளியல் அறையில் மகன் பருவமெய்தியதைக் கண்ட தந்தை பேரப்பிள்ளைகளை எண்ணி மகிழ்ந்து மனைவியிடம் சொல்லுகிறார். தாய் மோனிக்கா அஞ்சி, மகனைத் தனியே அழைத்துக் கடுமையாக எச்சரிக்கிறார். ஆனால், திருமணத்தின் வழியாக அவன் இளமையை ஒழுங்குபடுத்தலாம் என்ற எண்ணத்தை அவரும் முன்னெடுக்கவில்லை. ஏன்? மனைவி வாய்த்தால் படிப்புக்குத் தடையாகிவிடும் என்ற கவலை. கல்வியால் அவன் இறைவனை நோக்கியும் ஓரளவு வருவான் என்றுகூடத் தாய் நம்பினார். தந்தைக்கோ மகன் பேச்சாற்றலில் மேம்படவேண்டும் என்பதற்கு மேல் நினைவில்லை. மகன் முன்னேறவேண்டும் என்பதில் இருவரும் ஒருமனப்பட்டிருந்தார்கள். புனிதையாகிய தன் தாயைப் பற்றியே இவ்வளவு வெளிப்படையாக எழுதத் துணிந்த மகன், திருச்சபையின் இலக்கியத்தில் அரியவர். நம் இல்லங்களில் மதிப்பெண் பட்டியலைத் திருவுருவப் படத்தின்முன் வைத்து மன்றாடும் தாய்மார் இப்பகுதியைப் படித்தால், மோனிக்காவை அன்னியராக உணரமாட்டார்கள்.

இனி, பயணம். ஏறக்குறைய 370-71-இல், பதினேழாம் அகவையை ஒட்டி, அகுஸ்தினார் கார்த்தேஜை அடைந்தார்; இன்றைய தூனிஸ் நகருக்கு அருகிலுள்ள துறைமுக மாநகர் அது. மூன்றாம் புத்தகம் இந்த வருகையோடுதான் தொடங்குகிறது. நகரின் இலத்தீன் பெயரோடு ஒலி ஒத்ததாய், பொரிக்கும் சட்டியைக் குறிக்கும் ஒரு சொல்லை அடுத்தடுத்து வைத்து, முதல் வாக்கியத்திலேயே வெப்பத்தை எழுப்பிவிடுகிறார். மொழிபெயர்ப்பில் இவ்வொலி நயம் கரைந்துபோவது தவிர்க்கவியலாதது. ஆயினும் நாம் வியப்பது வேறொன்று. புது ஊருக்கு வந்த மாணவன் எங்கே தங்கினான்? யார் சமைத்துப் போட்டார்கள்? முதல் இரவு உறக்கம் வந்ததா? இவற்றில் ஒன்றுக்கும் நூலில் விடையில்லை. தெருக்களில்லை, அறையில்லை, சோறில்லை. எல்லாமே உள்ளத்தின் பசியாகச் சொல்லப்படுகின்றன. அன்பு செய்யவேண்டும் என்ற ஆவல் இருக்கிறது. அன்பு செய்ய ஆள் இல்லை. அந்த வெறுமை ஒரு சுவையாகவே அவனுக்கு இனிக்கிறது. முதன்முதல் தனியாக வாழப்போன எவரும் இதைப் பொய் என்று சொல்லமாட்டார்.

புனித ஜான் ஹென்றி நியூமனை இங்கு ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அவர் 1817-இல் ஆக்ஸ்ஃபோர்டின் டிரினிட்டி கல்லூரியில் தங்கிப் படிக்கப் போனார். 1864-இல் எழுதிய தம் தன்வரலாற்றில், முதலாண்டு மாணவனாகத் தாம் இருந்த அறைக்கு எதிர்ச்சுவரில் வளர்ந்திருந்த ஸ்நாப்டிராகன் செடியை நினைவுகூர்கிறார்; சாகும்வரை அங்கேயே வாழப்போவதன் அடையாளமாக அதைத் தாம் எண்ணியிருந்ததையும் சொல்கிறார். கத்தோலிக்கரான பின் 1846-இல் அவ்வூரை விட்டுச் சென்றவர், 1878-இல்தான் மீண்டும் அதில் கால் வைத்தார். ஒரு சுவர்ச் செடியில் ஒரு வாழ்வின் பிரிவுத்துயர் முழுவதையும் ஏற்றிவிட்டார் அவர். 2025 நவம்பர் 1-ஆம் நாள் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்ட நியூமனுக்குக் கைவந்த இந்தச் சின்னஞ்சிறு காட்சிக்கலை, அகுஸ்தினாரின் கார்த்தேஜ் பக்கங்களில் இல்லை. இதை நாம் ஒரு குறையாகவே கருதுகிறோம். நாற்பது கடந்த ஆயர், பதினேழு வயது மாணவனைத் திரும்பிப் பார்க்கும்போது, தீர்ப்பு முந்திக்கொள்கிறது, காட்சி பிந்திவிடுகிறது.

எனினும் காட்சி முற்றிலும் மறைந்துவிடவில்லை. மூன்று இடங்களில் அது தலைகாட்டுகிறது.

முதலாவது நாடக அரங்கு. மேடையில் காதலர் பிரியக் கண்டு மாணவன் அழுகிறான். அழுவதற்காகவே மறுபடியும் போகிறான். தன் வாழ்வில் நேரக்கூடாது என்று அஞ்சும் துயரத்தை மேடையில் காண ஏன் காசு கொடுக்கிறோம் என்ற அவரது கேள்வி, இலக்கியத் திறனாய்வில் இன்றும் பழையதாகவில்லை. பள்ளியில் வெர்ஜிலின் காவியத்தைப் படித்தபோது, ஈனியஸ் கைவிட்டுக் கப்பலேறியதால் மாண்ட அரசி தீதோவுக்காகத் தாம் அழுததை முதல் புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். தீதோவின் நகரம் கார்த்தேஜேதான். கதையில் அழுத பையன் கதை நடந்த ஊருக்கே வந்து சேர்ந்திருக்கிறான்.

இரண்டாவது, மாணவர் கும்பல். 'கவிழ்ப்போர்' என்ற பொருளில் தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்ட சில மாணவர்கள், புதிதாக வந்தவர்களின் கூச்சத்தைத் தேடிப் பிடித்துக் கேலி செய்து துன்புறுத்தினார்கள். ராகிங் என்று நாம் இன்று சொல்லுவது இதுவன்றி வேறில்லை. அகுஸ்தினார் அவர்களுடைய செயல்களில் கலந்துகொள்ளவில்லை. ஆனால் அவர்களோடு பழகினார், அவர்களுடைய நட்பை விரும்பினார், அவர்களைப்போல் தாம் இல்லையே என்று வெட்கப்பட்டார். இந்த வெட்கத்தைச் சொன்ன இடத்தில்தான் நூல் உயர்கிறது. கொடுமை செய்தவனின் கதையும் கொடுமைப்பட்டவனின் கதையும் ஏராளம். ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் தன் கதையைச் சொல்லுவது அரிது. ஆண்டுகள் கழித்து அதே கார்த்தேஜில் ஆசிரியராக இருந்தபோது, அழைப்பின்றி வகுப்பறைக்குள் புகுந்து குழப்பம் விளைக்கும் மாணவர்களால் அவரே அவதிப்பட்டார். சட்டப்படி தண்டனைக்குரிய செயல்களை வழக்கம் என்ற பெயர் காப்பாற்றுகிறது என்று ஐந்தாம் புத்தகத்தில் நொந்துகொள்கிறார். தமிழ்நாட்டில் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் இயற்றப்பட்டதையும், அதன் பின்னும் சில விடுதிகளில் வழக்கம் தன் வேலையைக் காட்டியதையும் அறிந்தவர்கள், சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் இடையே அவர் கண்ட இந்த வேறுபாட்டை எளிதில் விளங்கிக்கொள்வர்.

மூன்றாவது காட்சி கோயிலுக்குள் நடக்கிறது. மறையுரையாளர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இது. வழிபாடு நடந்துகொண்டிருக்கும்போதே ஆலயத்தின் சுவர்களுக்குள் தகாத ஆசை கொண்டு, அதற்கான ஏற்பாட்டையும் தாம் செய்ததாக அகுஸ்தினார் ஒப்புக்கொள்கிறார். பாவத்தின் துணிச்சலைக் காட்டவே அவர் இதைச் சொல்கிறார். நாம் அதே வரியில் இன்னொன்றையும் காண்கிறோம். திருமுழுக்குப் பெறாத அந்தப் பையன், யாரும் கட்டாயப்படுத்தாத ஊரில், அம்மா கற்றுத்தந்த பழக்கத்தால் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தான்! தகாஸ்தேயிலிருந்து அவன் சுமந்துவந்த மூட்டையில் அந்தப் பழக்கமும் இருந்தது. புது ஊரில் புதிய முகத்தைக் கண்டு, யார் பிள்ளை நீ, எந்த ஊர், எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டவர் ஒருவரையும் நூல் குறிப்பிடவில்லை. குருவில்லை, பெரியவரில்லை, ஒரு பாட்டிகூட இல்லை. கார்த்தேஜ் திருச்சபையோ சிறியதன்று. மறைசாட்சியான ஆயர் புனித சிப்ரியானின் திருச்சபை அது. கல்லூரிகள் நிறைந்த ஊர்களில் பங்குப்பணி செய்வோருக்கு இந்த மௌனம் சங்கடமானது. ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, 'சென்று வாருங்கள்' என்னுமுன்னே வெளியேறும் விடுதி மாணவர்களை நாமெல்லாம் கண்டிருக்கிறோம். அவர்களுடைய பொறுப்பின்மையைப் பற்றிப் பேசியிருக்கிறோம். பெயரைக் கேட்டோமா என்பது வேறு வினா.

அவனைக் கைப்பற்றியவர்கள் வேறு ஆள்கள். பத்தொன்பதாம் அகவையில், பாடத்திட்டத்தின் ஒழுங்கில், சிசரோவின் 'ஹொர்த்தென்சியுஸ்' என்னும் நூல் கைக்கு வருகிறது. இன்று சில துணுக்குகளே எஞ்சியுள்ள அந்நூல், ஞானத்தின்மீது காதலை அவனுள் மூட்டியது. நடையழகைக் கற்கக் கொடுத்த புத்தகத்தில் அவன் உட்பொருளைக் கண்டான். கெட்ட நகரத்தின் கெட்ட கல்வி என்று எவ்வாறு சொல்லுவது? தம் வேண்டுதல்களையே திசைமாற்றிய நூல் என்று ஆயராகிய அகுஸ்தினாரே அதற்கு நன்றி பாராட்டுகிறார். கிறிஸ்துவின் பெயர் அதில் இல்லையே என்று விவிலியத்தைத் திறந்தான். அன்று வழங்கிய இலத்தீன் மொழிபெயர்ப்பின் கரடுமுரடு சிசரோவின் முன் எடுபடவில்லை, மூடிவைத்துவிட்டான். அந்த நேரத்தில் நட்போடும் விடைகளோடும் வந்தவர்கள் மானிக்கேயர்கள். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர்களோடு கழிந்தன.

இங்கே நூலின் நேர்மையை ஒருபுறம் பாராட்டி, மறுபுறம் அதன் கணக்கைச் சற்றுச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. படிப்புச் செலவை யார் தந்தார்? இரண்டாம் புத்தகத்தில், தகுதிக்கு மீறிப் பொருள் சேர்த்த தந்தை. மூன்றாம் புத்தகத்தில், பணம் அனுப்பும் தாய். ஆனால் 386-இல் எழுதிய 'கல்விக்கழகத்தாருக்கு எதிராக' என்னும் முந்தைய நூலில், ஊர்ச் செல்வரான ரொமானியானுஸ் என்பவரை நோக்கி, ஏழைப் பிள்ளையாய்ப் படிக்கப் புறப்பட்ட தமக்கு வீடும் செலவும் ஊக்கமும் தந்தவர் அவரே என்றும், தந்தையை இழந்தபோது தேற்றியவரும் அவரே என்றும் நன்றியோடு எழுதியிருக்கிறார். 'அறிக்கைகள்' நூலில் ரொமானியானுஸ் பின்னால் மிலான் நகரில் தோன்றுகிறார், படிக்கவைத்தவராக அல்ல. இறைவனின் கை ஒன்றே எல்லாவற்றையும் நடத்தியது எனக் காட்ட விரும்பும் நூலில், மனிதக் கைகள் சில விடுபட்டுப்போயின. இறையியல் நோக்கில் இதை விளக்கலாம். இலக்கிய நோக்கில் இது இழப்பே. கல்வி உதவியாளரின் பெயரை ஒருநாளும் வெளியே சொல்லாத பட்டதாரிகளை அறிந்த நமக்கு, இது சற்று உறுத்தவும் செய்கிறது.

இதைவிடப் பெரிய உறுத்தல் தந்தையைப் பற்றியது. மகன் கார்த்தேஜில் இருக்கையில் பத்ரீசியுஸ் இறந்துபோனார். படிப்புக்காக வீட்டை விட்டுப் போன பிள்ளைக்கு வரக்கூடிய செய்திகளில் இதைவிடக் கொடியது ஏது? நூலிலோ அது ஒரு துணைவாக்கியம்: சிசரோவைப் படித்தபோது வயது பத்தொன்பது, தந்தை இறந்து ஈராண்டு என்பதாகப் போகிற போக்கில் வருகிறது. நான்காம் புத்தகத்தில் ஒரு நண்பனின் சாவுக்காகப் பக்கம் பக்கமாக அழும் எழுத்தாளர் இவர். அவ்வாறே, கார்த்தேஜில் அவரோடு வாழ்ந்து அதேயோதாத்துஸ் என்ற மகனைப் பெற்றுக்கொடுத்த பெண்ணுக்கு நூலில் பெயரில்லை. அவளை மறைத்தது அவளுடைய மதிப்பைக் காக்கவே என்று சொல்லுவோர் உண்டு. இருக்கலாம். தந்தைக்கு அந்தச் சமாதானமும் பொருந்தாது.

நம் தமிழ் மரபில் தொல்காப்பியம் பிரிவுக்குரிய காரணங்களுள் ஓதலையும் ஒன்றாக வைத்து, அப்பிரிவு மூன்றாண்டைக் கடக்கலாகாது என்றும் வரையறுத்தது. அது தலைவன் தலைவியை விட்டுப் பிரிவது. பிள்ளை தாயை விட்டுப் பிரிவதன்று. ஆயினும் போனவன் ஒரு கெடுவுக்குள் திரும்புவான் என்ற எதிர்பார்ப்பில்தான் அந்த இலக்கணம் நிற்கிறது. 'அறிக்கைகள்' நூலின் அடித்தளமோ லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரம். ஊதாரி மைந்தனின் சாயல் நூல் முழுவதும் இழையோடுகிறது. பன்றிகளுக்கிட்ட நெற்றுகள்கூடப் பெயர் சொல்லி வருகின்றன. ஆனால் உவமை முழுமையாகப் பொருந்தவில்லை. உவமையின் மகன் தானே பங்கைக் கேட்டு வாங்கிப் புறப்பட்டவன். அகுஸ்தினாரைப் பெற்றோரே பொருள் சேர்த்து அனுப்பினார்கள். இந்தப் பொருத்தமின்மையை அவர் அறிந்தே இருந்தார் என்பதற்கு முதல் புத்தகத்திலேயே சான்றுண்டு. தந்தையை விட்டு அகல்வது கால்நடையாலோ கப்பலாலோ நிகழ்வதன்று, உள்ளத்தின் போக்கினால் நிகழ்வது என்ற கருத்தை அங்கே தெளிவாக வைக்கிறார். தகாஸ்தேயில் இருந்தபடியே தொலைதூரம் போய்விடலாம்; கார்த்தேஜில் இருந்தபடியே நெருங்கியும் வரலாம். மேடைக் கதை தவறிப்போவது இந்த இடத்தில்தான்.

வீடு திரும்பிய கதையும் நூலில் உண்டு, அதுவும் இனிமையானதன்று. படிப்பு முடித்து ஊருக்கு வந்து ஆசிரியரானபோது, மானிக்கேயனாகிவிட்ட மகனோடு ஒரே வீட்டில் இருக்கவும் உண்ணவும் தாய் முதலில் மறுத்தார். கனவொன்று கண்ட பின்னரே மனம் இளகினார். பின்பு நண்பன் இறக்கவே, சொந்த ஊரே தண்டனையாகி, பிறந்த வீடே விளங்காத துயரமாகிவிட, மீண்டும் கார்த்தேஜுக்கு ஓடினார். 383-இல் அங்கிருந்தும் புறப்பட்டார். துறைமுகம் வரை வந்து பற்றிக்கொண்ட தாயிடம், நண்பனை வழியனுப்ப நிற்பதாகப் பொய் சொல்லி, அவர் புனித சிப்ரியானின் நினைவுக்கோயிலில் இரவு முழுதும் மன்றாடிக்கொண்டிருக்கையில் கப்பலேறிவிட்டார். கார்த்தேஜ் கரையில் கைவிடப்பட்டு அழும் ஒரு பெண், இத்தாலியை நோக்கி விரையும் ஒரு கப்பல். சிறுவயதில் எந்தக் கதைக்காக அழுதாரோ அந்தக் கதைக்குள் தாமே ஈனியஸாக நுழைந்துவிட்டார். இதை அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதனால்தான் அப்பக்கம் நூலின் மிகச் சிறந்த பக்கமாக நமக்குத் தோன்றுகிறது.

387-இல் பாஸ்காத் திருவிழிப்பில் மிலானில் திருமுழுக்குப் பெற்று, ஊர் திரும்பும் வழியில், ஓஸ்தியா துறைமுகத்தில் தாயை இழக்கிறார். ஒன்பதாம் புத்தகத்தின் இறுதியில், இதைப் படிப்போர் பீடத்தருகே மோனிக்காவையும் அவர் கணவர் பத்ரீசியுஸையும் நினைவுகூருமாறு வேண்டுகிறார். தாயின் பெயர் நூல் முழுவதிலும் அந்த ஓர் இடத்தில்தான் வருகிறது, தந்தையின் பெயரோடு சேர்ந்து. துணைவாக்கியத்தில் விட்டுப்போன தந்தை அங்கே மனைவியின் அருகில் வந்து நிற்கிறார். வாழ்க்கை வரலாறு அவ்விடத்தோடு நின்றுவிடுகிறது. 388-இல் அகுஸ்தினார் தகாஸ்தேக்குத் திரும்பி, குடும்ப நிலத்தில் நண்பர்களோடு மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த வீட்டு வாசலில் மறுபடியும் நுழைந்ததைப் பற்றி நூலில் ஒரு சொல்லும் இல்லை.